குளவிக் கூடும் குடும்பப் பாதுகாப்பும்

‘குளவிக் கூட்டில் கை வைத்தாற்போல’ என்று நம் பெரியோர் கூறுவர். தேவையற்ற வம்பைத் தேடிச் சென்று வாங்கிக் கொள்வோரைக் குறிக்கும் பேச்சு இது. பிறரைப் பற்றிப் பேசும்போது இதனை நாம் மறவாமல் எடுத்தாளுகிறோம். ஆனால் உண்மையிலேயே ஒரு குளவிக் கூடு நம் கூரையின் கீழ்த் தொங்கும்போது அதன் பொருளை மறந்துவிடுகிறோம். நீண்ட மூங்கிலைத் தேடுகிறோம். அதன் நுனியில் கந்தல் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைக்கிறோம். அதன் பின் நேர்வது பல வேளைகளில் வருந்தத்தக்கதாக இருக்கிறது.

தோட்டங்களில் வாழ்வோரும், தோட்டத்தை விட்டு வந்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியோரும் அடிக்கடி சந்திக்கும் ஆபத்து இது. எனவே, குளவிகளின் இயல்பையும், கூட்டைக் கண்டால் செய்ய வேண்டுவனவற்றையும், கொட்டுப்பட்டோருக்கு அளிக்க வேண்டிய முதலுதவியையும் இக்கட்டுரையில் முறையாக அறிந்து கொள்வோம்.

கூடுகளை இனம் காண்போம்

எல்லாக் குளவிகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. கூட்டின் தோற்றத்தைக் கொண்டே பெரும்பாலும் அவற்றை வேறுபடுத்தி அறியலாம்.

முதல் வகை மண்கூடு. சுவர் மூலையிலும் சன்னல் சட்டத்திலும் ஈர மண்ணைக் கொண்டு வந்து பூசிக் கட்டப்படுவது. இக்குளவி தனித்து வாழ்வது; கூட்டமாகச் சேர்ந்து தாக்குவதில்லை. கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. இது வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பாட்டிமார் மகிழ்வதுண்டு. ‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்னும் பழமொழியும் இதனைப் பார்த்தே பிறந்தது. உண்மையில் அக்குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டினுள் வைத்து, அதனுடன் முட்டையிட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அவ்விரையைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. இக்கூட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் வகை திறந்த காகிதக் கூடு. கவிழ்த்த சிறு குடை போன்று காம்பொன்றில் தொங்கும். அறைகள் வெளியே தெரியும். தாழ்வாரம், வேலிச்செடி, பயன்படுத்தாத கோழிக்கூண்டு ஆகிய இடங்களில் இதனைக் காணலாம். இக்குளவிகள் உருவிற் சிறியவையே. ஆயினும் கூட்டைத் தீண்டினால் சேர்ந்து வந்து கொட்டும்.

மூன்றாம் வகையே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. மலாய் மொழியில் ‘தெபுவான்’ எனப்படும் பெருங்குளவியின் கூடு அது. பழுப்பும் சாம்பலுமான வரிகளுடன், கூடு முழுவதும் உறையால் மூடப்பட்டு, ஒரு வாயில் மட்டும் திறந்திருக்கும். மரக்கிளையிலும் புதரிலும் கூரையடியிலும் பந்தளவில் தொடங்கிப் பெருங்குடம் அளவுக்கும் வளரும். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் பெருங்குளவி ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுடையது. அதன் வயிற்றின் முற்பகுதி ஆரஞ்சு மஞ்சளாகவும் பிற்பகுதி கருமையாகவும் இருக்கும். வேறு சில பெருங்குளவிகள் மரப்பொந்திலும் மண்ணுக்கடியிலும் கூடு கட்டுவதால், கூடு கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம்.

அவை ஏன் தாக்குகின்றன?

குளவிக்கு மனிதன் மீது பகை இல்லை. பூவில் தேன் அருந்தும்போதும் இரை தேடும்போதும் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. செடிகளைத் தின்னும் புழுக்களைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதால், நம் காய்கறித் தோட்டத்திற்கு அது நன்மையும் செய்கிறது. எனினும், கூட்டினுள் இராணியும் முட்டைகளும் இளம்புழுக்களும் உள்ளன. அக்குடும்பத்திற்கு ஊறு நேரும் எனத் தோன்றினால் வேலைக்காரக் குளவிகள் ஒன்று திரண்டு வெளிவருகின்றன.

இங்கு நாம் அறிய வேண்டிய உண்மைகள் இரண்டு. தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். ஒரு தேனீ ஒருமுறையே கொட்ட இயலும். குளவியின் கொடுக்கோ அவ்வாறு சிக்குவதில்லை. ஆதலால் ஒரே குளவி பலமுறை கொட்ட வல்லது. இரண்டாவதாக, பெருங்குளவியின் நஞ்சில் அதன் இனத்தை அழைக்கும் வாசனைப் பொருள் கலந்துள்ளது. கூட்டருகே ஒரு குளவியை அடித்து நசுக்கினால் அவ்வாசனை பரவி, மற்றவற்றையும் போருக்கு அழைக்கும். ‘ஒன்றுதானே, அடித்து விடலாம்’ என்று எண்ணுவது பெருந்தவறு.

தீப்பந்தம் தீர்வாகாது

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். வீட்டுக்குப் பின்னுள்ள மாமரத்தில் பெரிய கூடு. இரவில் குளவி உறங்கும் என்று நம்பி, துணிவுள்ள இளைஞர் ஒருவர் தீப்பந்தத்துடன் செல்கிறார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றனர். கூட்டின் ஒரு பக்கம் எரிகிறது. மறுபக்கம் இருந்தவை வெளியேறுகின்றன. இளைஞர் பந்தத்தை எறிந்துவிட்டு ஓடித் தப்புகிறார். ஆனால் குளவிகளில் பல, விளக்கெரியும் அடுத்த வீட்டின் திறந்த சன்னலை நோக்கிப் பறக்கின்றன. அங்கே ஓட இயலாத மூதாட்டி ஒருவர் படுத்திருக்கிறார். அவர் எந்தக் கூட்டையும் தீண்டியவரல்லர்.

நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். கூட்டைக் கலைப்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் அனைவருடைய உயிரையும் அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறார். அது வீரமாகாது. கிளையிலிருந்து விழும் தீத்துண்டு பலகை வீட்டையே எரித்துவிடலாம் என்பதையும் மறத்தல் கூடாது. மண்பொந்தில் பெட்ரோல் ஊற்றுதல், தண்ணீர் பீய்ச்சுதல், கல்லெறிதல் ஆகியவையும் இதே தவற்றின் வேறு வடிவங்களே.

இரவில் எல்லாக் குளவிகளும் உறங்கும் என்பதும் முற்றிலும் உண்மையன்று. தென்கிழக்காசியாவில் இரவில் பறந்து இரை தேடும் பழுப்புநிறக் குளவியினம் ஒன்றுண்டு. விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வருவதும் அதன் வழக்கம்.

கூட்டைக் கண்டால்

அமைதியாகப் பின்வாங்கி விலகுதலே முதற் கடமை. குறைந்தது பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து கூடு இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் குறித்துக் கொள்ள வேண்டும். பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்பக்கம் செல்லவிடாமல் தடுத்தல் வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தெரிவித்து, அவ்வழியே செல்வோர் அறியும்படி தொலைவிலேயே கயிறு கட்டி அடையாளம் இடலாம்.

அடுத்து, தோட்ட நிர்வாகத்திற்கோ குடியிருப்புத் தலைவருக்கோ அறிவித்து, தீயணைப்பு மீட்புத் துறையின் அல்லது பொதுத் தற்காப்புப் படையின் உதவியை நாட வேண்டும். நம் நாட்டில் ஆபத்தான குளவிக் கூடுகளை அகற்றும் பணியை இவ்விரு அமைப்புகளும் ஆற்றி வருகின்றன. குளவிகள் தாக்கும் அவசர வேளையில் 999 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். பயிற்சியும் உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்புடையும் உடையவர்களே கூட்டை அகற்றத் தக்கவர்கள். அவர்கள் பணி செய்யும் வேளையில் கதவு, சன்னல்களை மூடி, வெளிவிளக்குகளை அணைத்து, நாம் வீட்டுக்குள் இருத்தல் வேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவரும் வெளியே வரலாகாது.

பெருங்குளவிக் கூடு ஒரே நாளில் பெரிதாவதில்லை. தொடக்கத்தில் இராணி ஒன்றே சிறு கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டுகிறது. வாரம் ஒருமுறை தாழ்வாரம், குளியலறைக் கூரை, பொருள் அடுக்கும் கொட்டகை ஆகியவற்றைத் தள்ளி நின்று பார்வையிட்டால், கூடு பெருகுமுன் அறிவித்து விடலாம். கூரையிலும் சுவரிலும் உள்ள பொந்துகளை அடைத்தல், குப்பைத் தொட்டியை மூடுதல், மரத்தடியில் விழுந்து அழுகும் பழங்களை அகற்றுதல் ஆகியவையும் பயனளிக்கும்.

வேலைக்காட்டில் கவனம்

புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசையும் அதிர்வும் குளவிகளைச் சினங்கொள்ளச் செய்யும். எனவே இயந்திரத்தை முடுக்குமுன் புதரையும் கிளைகளையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். செம்பனைக் குலை அறுப்போர் அரிவாளை உயர்த்துமுன் மட்டைகளின் இடுக்கை நோக்க வேண்டும். ஓரிடத்தில் குளவிகள் வரிசையாக வருவதும் போவதுமாக இருந்தால் அங்கே கூடு உண்டு என்று கொள்ளலாம். அதனை மண்டோரிடம் உடனே கூற வேண்டும். ‘நாம் தப்பினோம்’ என்று வாளாவிருந்தால், நாளை அதே நிரையில் வேலை செய்ய வருபவர் அகப்பட்டுக் கொள்வார்.

துரத்தினால் என் செய்வது?

ஒரு குளவி நம்மைச் சுற்றினால் கையை வீசாமல், மெல்ல விலகிச் செல்ல வேண்டும். கூட்டமாகத் தாக்கினால் நிற்கலாகாது. முகத்தையும் கழுத்தையும் சட்டையாலோ துண்டாலோ மறைத்து, வழி தெரியும் அளவுக்குக் கண்ணைத் திறந்து கொண்டு, கூட்டுக்கு எதிர்த்திசையில் நேராக ஓட வேண்டும். மூடிய வீட்டினுள் அல்லது வாகனத்தினுள் புகுந்து கதவை அடைத்தல் நலம். குளத்தில் குதிப்பது தக்க வழியன்று. மூச்சுவாங்க மேலே வரும்போது மீண்டும் கொட்டப்படலாம். நீரில் மூழ்கும் ஆபத்தும் உண்டு.

கொட்டிய பின் முதலுதவி

கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டு நீரால் கழுவ வேண்டும். விரலில் மோதிரம் இருப்பின் வீக்கம் எழுமுன் கழற்றிவிட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் வலியும் வீக்கமும் தணியும். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பூசுதல் வேண்டா. அவை உடலுள் சென்ற நஞ்சை முறிப்பதில்லை. பொன்னான நேரத்தையே வீணாக்கும்.

ஒரே ஒரு கொட்டும் ஒவ்வாமை உடையவரின் உயிரைப் பறிக்கக்கூடும். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை சில நிமிடங்களிலேயே தோன்றலாம். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். அவரைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுவிடத் துன்புற்றால் சாய்ந்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடலாகாது. இந்நிலையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசியே. மருத்துவர் அதனை முன்னரே கொடுத்து வைத்திருப்பின், கற்பித்தபடி தொடையின் வெளிப்புறத்தில் தாமதமின்றிச் செலுத்த வேண்டும்.

ஒவ்வாமை இல்லாதவர்க்கும் பல கொட்டுகள் பெருந்தீங்கு செய்யும். மிகுந்த நஞ்சு தசைகளையும் இரத்த அணுக்களையும் சிதைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். 2013-ஆம் ஆண்டில் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் பெருங்குளவிகளின் தாக்குதலால் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரும் பலர். இத்தீங்கு சில மணி நேரம் கழித்தும், ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படலாம். ஆதலின் பத்துக்கு மேற்பட்ட கொட்டுகள் பெற்றவரையும், சில கொட்டுகளே பெற்றிருப்பினும் குழந்தைகளையும் முதியோரையும், வாயிலோ தொண்டையிலோ கொட்டுப்பட்டோரையும் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பின்னர் சிறுநீர் கருமையாகவோ தேநீர் நிறத்திலோ போனால் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது.

நினைவில் நிறுத்துவோம்

1. மண்கூடு கண்டு அஞ்ச வேண்டா. மூடிய காகிதக் கூட்டை நெருங்க வேண்டா.
2. தீ, கல், தண்ணீர் ஆகியவற்றால் கூட்டைக் கலைக்கலாகாது.
3. விலகுவோம், அண்டை வீட்டாருக்கு அறிவிப்போம், பயிற்சி பெற்றோரை அழைப்போம்.
4. மூச்சுத் திணறினால் 999. பல கொட்டுகள் பட்டால் மருத்துவமனை.

குளவி தன் குடும்பத்தைக் காக்கவே கொடுக்கை நீட்டுகிறது. நம் குடும்பத்தைக் காக்க நமக்கு வாய்த்த கருவி அறிவு. கூட்டைக் கண்டதும் மூங்கிலைத் தேடாமல் அண்டை வீட்டாரை நினைப்போமானால், இந்த ஆபத்தில் பெரும்பகுதி அப்போதே நீங்கிவிடும். இன்று மாலையே இவ்விவரங்களை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். கையோடு தாழ்வாரத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம்.