உக்கிராணச் சாவி

வாசகர் கேள்விகளுக்கு மூத்த ஆயர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளி யூனிஃபார்மும் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் எங்கள் சபையில் ஒரு படிவம் கொடுத்து, கர்த்தர் உங்களுக்குத் தந்திருக்கிற வரத்துக்கு நேரே டிக் போடச் சொன்னார்கள். பாட்டு, பிரசங்கம், ஜெபம், ஓய்வுநாள் பள்ளி, கீபோர்டு என்று வரிசையாக இருந்தது. எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமியார் படுக்கையில் இருப்பதால் ஊழியப் பயணங்களுக்கும் போக முடியாது. படிவத்தை ஒன்றும் எழுதாமல் மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தாலந்தைப் புதைத்தவனைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்குப் பாவாடை மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பேன். அடுத்த வருஷம் அதைப் பிரித்து இறக்கிக் கொடுப்பதற்குக் காசு வாங்க மாட்டேன். என்னால் ஆகிற உபகாரம் அவ்வளவுதான். அதுவும் தொழில்தானே, ஊழியம் ஆகுமா?
(பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அம்மா, அந்த இரண்டு அங்குலத்தைக் கடிதத்தின் கடைசியில், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்களை இவ்வளவு நாளும் வருத்திக்கொண்டிருக்கிற தாலந்துக் கதையைப் பார்த்துவிடுவோம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வருகிற தாலந்துக்கும் பாட்டு, பேச்சுத் திறமைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. தாலந்து என்பது ஓர் எடை. அந்த எடைக்கு நிறுத்த வெள்ளி. பண மதிப்பில் சுமார் 6,000 தினாரி. தினாரி என்பது நம் வேதாகமத்தில் ‘பணம்’ என்று வருவதுதான். திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி அமர்த்திய கதை அதே மத்தேயுவில் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால், ஒரு தாலந்து ஏறக்குறைய 20 வருஷக் கூலி. இன்றைக்கு நாள்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 30 லட்சம் ரூபாய். ‘ஒரே ஒரு தாலந்து வாங்கியவன்’ என்று நாம் பரிதாபப்படுகிற அந்த மனுஷன் கையில் இருந்தது இவ்வளவு பெரிய தொகை.

ஆங்கிலத்தில் திறமைக்குச் சொல்கிற ‘டேலன்ட்’ என்ற வார்த்தையே இந்த உவமையிலிருந்து பிறந்ததுதான். பிற்காலத்தில் வந்த அந்தப் பொருளை நாமும் எடுத்துக்கொண்டு, தாலந்துப் போட்டி, தாலந்து நிகழ்ச்சி என்று நடத்த ஆரம்பித்தோம். நிகழ்ச்சி என்றால் மேடை வேண்டும், மைக் வேண்டும். இப்படித்தான் மேடை ஏறாதவர்களுக்கு வரமே இல்லை என்கிற எண்ணம் நம் சபைகளுக்குள் வந்துவிட்டது. இதில் ஆயர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் படிவத்தில் தையலுக்கு ஒரு கட்டம் இல்லாமல் போனதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

உவமையில் அந்த ஊழியக்காரன் சொல்கிற காரணத்தையும் கவனியுங்கள். கொஞ்சமாகத் தந்தீர் என்று அவன் முறையிடவில்லை. எஜமான் கடினமானவர் என்று நினைத்துப் பயந்துபோய்ப் புதைத்தேன் என்கிறான். அந்தப் பயம்தான் அவனைக் கெடுத்தது. உங்களையும் இப்போது அழுத்திக்கொண்டிருப்பது அதே பயம். ஆனால் உங்கள் கை எதையும் புதைத்து வைக்கவில்லை. அது தினமும் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று பேதுரு நிருபம் நாலாம் அதிகாரத்தில் வரங்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ‘உக்கிராணக்காரர்’ என்ற சொல் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு பொருத்தமான சொல்லை எடுத்திருக்கிறார்கள்! உக்கிராணம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், வாழையிலை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிற அறை. அதற்கு ஒரு சாவி, அதை இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆள். எங்கள் குடும்பத்தில் அந்தச் சாவி எப்போதும் பெரியப்பாவிடம்தான் இருக்கும். அரிசி மூட்டையில் ஒன்றுகூட அவருடையது இல்லை, எல்லாம் பெண் வீட்டுக்காரர் வாங்கிப்போட்டது. ஆனால் எத்தனை படி உலையில் போகிறது, எந்தப் பந்திக்கு எத்தனை பேர் என்பது அவர் விரல் நுனியில் இருக்கும். சமையல்காரர் வாசலில் வந்து நிற்பதற்குள் நெய் டின்னைத் திறந்து வைத்திருப்பார். ஒருமுறை கல்யாணம் முடிந்த மறுநாள் யாரோ, ‘இவ்வளவு சாமானை மிச்சம் பிடித்துவிட்டீர்களே’ என்று அவரைப் பாராட்டினார்கள். அவருக்கு முகமே சுண்டிப்போயிற்று. ‘மிச்சம் என்னடா மிச்சம், கடைசிப் பந்தியில ரெண்டு பேருக்குப் பாயசம் பத்தலையே’ என்றார்.

வரம் என்று வேதம் சொல்வதை நான் பெரியப்பாவின் அந்த அறையை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். சாமான் நம்முடையது இல்லை என்பதால் அதிகம் இருப்பவர் பெருமைப்பட ஒன்றுமில்லை, குறைவாக இருப்பவர் கூசவும் ஒன்றுமில்லை. வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு வேண்டியதை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் வாசலில் நிற்பது, போன ஜூனில் தைத்த பாவாடை இந்த ஜூனில் முழங்காலுக்கு மேல் ஏறிப்போன ஒரு பிள்ளை. புது யூனிஃபார்ம் வாங்க முடியாத வீடு. அது ஒரு வருஷத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் துணியை வெட்டும்போதே அந்த இரண்டு அங்குலத்தை மடிப்புக்குள் ஒளித்து வைத்தீர்கள். வாங்கிப்போகிற தாய்க்குக்கூட அது தெரிந்திருக்காது.

இன்னும் ஒன்று. வேதாகமத்தில் ஞானத்தின் ஆவியால் நிரப்பப்பட்டவர்கள் என்று முதலில் சொல்லப்படுகிறவர்கள் யார் தெரியுமா? யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆரோனுக்கு ஆசாரிய உடை தைக்கிறவர்கள்! தையல்காரர்களைப் பற்றித்தான் கர்த்தர் மோசேயிடம் அப்படிச் சொல்கிறார். ஆசரிப்புக் கூடார வேலைக்குப் பெசலெயேலும் அகோலியாபும் பெயர் சொல்லி அழைக்கப்படுவதே அதற்குப் பிறகு, 31ஆம் அதிகாரத்தில்தான். அதே 28ஆம் அதிகாரத்தில், அங்கியின் கழுத்துத் துவாரம் கிழிந்துபோகாதபடி சுற்றிலும் நெய்த கரை வைக்க வேண்டும் என்று ஒரு வசனம் இருக்கிறது. எத்தனையோ முறை நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கிற உங்களுக்கு அது சட்டென்று புரியும். தலையை நுழைக்கும்போது எந்த இடம் முதலில் பிய்யும் என்று தெரிந்தவர் அல்லவா அதைச் சொல்லியிருக்கிறார்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நீங்கள் அறிவீர்கள். அவள் இறந்தபோது பேதுருவைச் சூழ்ந்து நின்ற விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த துணிகளைத்தான் எடுத்துக் காட்டி அழுதார்கள். அவள் பேசிய வார்த்தை ஒன்றுகூட அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதப்படவில்லை.

ஆகவே அந்தப் படிவத்தை வெளியே எடுத்து, கீழே இடமிருந்தால் ‘தையல்’ என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மே மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி, சின்னதாகிப்போன யூனிஃபார்ம்களைக் கோயில் வராந்தாவில் சேகரியுங்கள். ஒரு நாள் உட்கார்ந்து காஜா, பட்டன், மடிப்பு எல்லாம் சரிபார்த்தால் ஜூனில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆகும். எல்லாவற்றையும் நீங்களே தைக்க வேண்டாம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த இரண்டு வாலிபப் பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கைக்கும் வேலை வரட்டும். ஜாக்கெட்டுக்கு நியாயமான கூலியைக் கேட்டு வாங்குங்கள். உக்கிராணக்காரரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்தான், பெரியப்பா பசியோடு வீட்டுக்குப் போனதில்லை. மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைக்கிறீர்களே, அதற்கும் படிவத்தில் கட்டம் இருக்காது. கர்த்தருக்கு அது தெரியும்.

கேள்வி: சென்னையில் தனியார் வங்கி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதாமாதம் தசமபாகத்தைத் தவறாமல் செலுத்திவிடுகிறேன். இப்போது சபைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று கமிட்டியில் வற்புறுத்துகிறார்கள். பணமும் கொடுத்து நேரமும் கொடுக்க வேண்டுமா? சபைப் பணம் என்றால் வீண்பேச்சு வரும் என்ற பயமும் இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் பாட்டி காலத்தில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒன்று இருந்திருக்கும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மிசோரம் சபைகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பழக்கம் நடந்துவருகிறது. சமைத்து, சாப்பிட்டு, மீந்ததைக் கொடுப்பதில்லை. அரிசி உலையில் விழுவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். சம்பளத்தில் நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள், சந்தோஷம். நேரத்திலும் ஒரு பிடி எடுத்து வைக்க முடியுமா என்றுதான் சபை கேட்கிறது. ஒரு பிடிதான், பானை முழுவதும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை, ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்.

வீண்பேச்சு வரும் என்பது நியாயமான பயம். பவுலுக்கே இருந்தது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த பணத்தை அவர் தனி ஆளாகக் கையாளவில்லை. தீத்துவையும், சபைகளே தெரிந்தெடுத்த ஆட்களையும் அதற்கென்று ஏற்படுத்தினார். யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8இல் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நீங்களும் அதையே நிபந்தனையாக வையுங்கள்: காணிக்கைப் பையை ஒருவர் தனியாக எண்ணக் கூடாது, எண்ணிய இருவரும் அன்றே கையெழுத்துப் போட வேண்டும், ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட வெளியே போகக் கூடாது, மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வங்கியில் இதையெல்லாம் யோசிக்காமலே செய்கிறீர்கள். சபையில் இதைச் செய்யத் தெரிந்த ஆள் இல்லாமல்தான் பல இடங்களில் நல்ல மனிதர்கள் மேல்கூடப் பழி விழுகிறது.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 31 வருஷம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ பாடினேன். போன வருஷம் தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துவிட்டது, மேல் ஸ்தாயி வருவதே இல்லை. கர்த்தர் தந்ததைக் கர்த்தரே எடுத்துக்கொண்டாரா? இப்போதெல்லாம் பாடகர் குழுவின் பெஞ்சைப் பார்க்காமலிருக்கப் பின்வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பதில்: அம்மா, அவர் ஏன் இதை அனுமதித்தார் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. 31 வருஷம் பாடிய குரல் போனால் அது ஒரு சாவு மாதிரிதான். அழ வேண்டியதை அழுதுவிடுங்கள். அதற்குள் வசனம் சொல்லி உங்களை எழுப்பிவிட நான் அவசரப்பட மாட்டேன்.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்தவர். 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டியவர் இனி நிற்கவே முடியாது. அப்போது அங்கே, கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் கொக்கிபோல மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழும்பியது. முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தபடியே வந்த நோயாளிகள் அங்கே கண்விழித்தால், தங்களைப்போலவே சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர் வருவதைப் பார்த்தார்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவரைப்போல ஆகிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கால்கள் திரும்பி வரவில்லை, உங்கள் குரலும் வராமல் போகலாம். ஆனால் உங்கள் காது எங்கேயும் போய்விடவில்லை. நாலு குரலும் சேர்ந்து பாடும்போது டெனர் அரைச்சுரம் இறங்கினால் இன்றைக்கும் உங்களுக்குத்தானே முதலில் தெரிகிறது? பின்வாசல் பக்கம் உட்கார்ந்தாலும் அது உறுத்தத்தானே செய்கிறது? இந்த 31 வருஷத்தில் சோல்ஃபா எழுதி எழுதி வைத்த நோட்டுகள் உங்கள் வீட்டில் நாலைந்தாவது இருக்கும். ஓரத்தில் பென்சிலால், எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் சொப்ரானோவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று குறித்திருப்பீர்கள். அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது. பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிறுபெண்களுக்குத் தனி ஆல்டோ பிடிபடாமல், எல்லாரும் சொப்ரானோவோடு ஓடிவிடுவதுதான் இப்போது எந்தக் கோயிலிலும் நடக்கிறது.

குரல் வராவிட்டால் ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திக் காட்டலாமே. நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காபி போட்டுக் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.