மாதிரி வரைவுக்குரிய கருவியைத் தேர்தல்

வீடு கட்டப் புகுவோன் எடுத்த எடுப்பில் கொத்தனாரை அழைத்துச் சுவரெழுப்பத் தொடங்குவதில்லை. மனையின் நீள அகலங்களை அளந்து, அறைகளையும் வாயில்களையும் தாளில் வரைந்து, இல்லத்தாரோடு கலந்து, வேண்டியவாறு திருத்திய பின்னரே அடிக்கல் நாட்டுகின்றான். தாளில் ஒரு கோட்டை அழித்து வேறொரு கோடு இடுதல் எளிது. எழும்பிய சுவரை இடித்து வாயிலை மாற்றுதலோ பெருஞ்செலவு. கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் செயலிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மனிதன் பொறிக்கு ஏவல் இடுவதற்கும் பொறி அவனுக்கு விடை தருவதற்கும் இடையே நிற்கும் பொத்தான், பெட்டி, பட்டியல் முதலியவற்றின் தொகுதியைப் பயனர் இடைமுகம் என்பர். அதனை நிரலாக எழுதுமுன் வரைந்து பார்ப்பதே மாதிரி வரைவு. அதற்கெனக் கருவிகள் இந்நாளில் பலவாகப் பெருகியிருத்தலின், எதனைக் கொள்வது என்னும் மயக்கம் மாணவர்க்கு உண்டாகின்றது. அம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

இஃதொரு சிறு விஷயமே எனச் சிலர் கருதலாம். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலை அவர்கள் நோக்குவாராக. ஃபுளோரிடா மாநிலத்துப் பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் பலர் வாழ்தலின், அவர்கள் எளிதிற் படிக்கும்பொருட்டு வாக்குச் சீட்டின் எழுத்துக்கள் பெரியனவாக அமைக்கப்பட்டன. அதனால் வேட்பாளர் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காது இரு பக்கங்களிலும் பரந்தன. துளையிடும் இடங்களோ நடுவே ஒரே வரிசையாக நின்றன. இடப்பக்கத்தில் இரண்டாவதாகக் காணப்பட்டவர் ஆல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் நின்ற பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்குரியது மூன்றாவது துளை. அம்மாவட்டத்தில் புக்கானன் 3,400-க்கு மேற்பட்ட வாக்குக்கள் பெற்றார். 19,000-க்கு மேற்பட்ட சீட்டுக்கள் ஒன்றின் மேற்பட்ட துளைகள் உடையனவாய்ச் செல்லாதொழிந்தன. நாட்டின் தலைமையைத் தீர்மானித்த அம்மாநிலத்தின் முடிவு 537 வாக்கு வேறுபாட்டில் அமைந்தது. நன்மை கருதிச் செய்த மாற்றம், செய்து பாராமையால் தீங்காய் முடிந்தது. முதியோர் சிலரை அழைத்து ஒரு மாதிரிச் சீட்டில் துளையிடச் செய்திருப்பின், அக்குறை ஒரு காலைப்பொழுதில் வெளிப்பட்டிருக்கக் கூடும்.

நிற்க. கருவியைத் தேடுமுன், நாம் அறிய விழையும் வினா யாது என்பதைத் துணிதல் வேண்டும். அவ்வினாக்கள் பெரும்பாலும் மூவகைப்படும். திரையில் எவை எவை, எம்முறையில் இருத்தல் வேண்டும் என்பது முதல்வகை. பயன்படுத்துவோர் தம் வேலையை ஒரு திரையினின்று மற்றொரு திரைக்குத் தடையின்றிச் சென்று முடிக்கின்றனரா என்பது இரண்டாம் வகை. எழுத்து, நிறம், அளவு, அசைவு ஆகியவை பொருந்தியுள்ளனவா என்பது மூன்றாம் வகை. வினா எதுவோ அதற்கு விடை தரும் கருவிகளுள் மிக எளியதைக் கொள்ளுதலே முறை. மூன்றாம் வினாவுக்குரிய கருவியை முதல் வினாவுக்குக் கொள்வோர், பொத்தான் வேண்டுமா வேண்டாவா என்று துணியுமுன் அதன் நிறத்தை ஆராய்ந்து நாளைக் கழிப்பர்.

முதல் வினாவுக்குத் தாளும் பென்சிலும் போதும். பாம் பைலட் என்னும் கையடக்கக் கணினி 1996-இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், பொறியைச் செய்யுமுன் சட்டைப்பையில் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டை அறுத்து, உடன் கொண்டு திரிந்தார். யாரேனும் சந்திப்புக்கு நாள் கேட்பின், மரத்துண்டை எடுத்து அதில் எழுதுவதுபோல் செய்து பார்த்தார். எவ்வளவு பெரிதாயின் சுமையாகும், எவ்வேலைக்கு அது கைக்கு வரும் என்பன அவருக்குப் பொருட்செலவின்றி விளங்கின.

இரண்டாம் வினாவுக்கும் தாளே பெரும்பாலும் உதவும். திரை ஒவ்வொன்றையும் தனித் தாளில் வரைந்து கொள்க. நம்மில் ஒருவர் பொறியாக அமர்க. வந்தவர் விரலால் எதனைத் தொடுகின்றாரோ அதற்குரிய தாளை அவர் முன் வைக்க. வாய் திறந்து விளக்கம் கூறலாகாது. அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுதலே நம் தொழில். ஒரு சுற்றுக்கு ஐவரே போதும் என்றும், குறைகளைத் திருத்தி மீண்டும் சோதித்தலே சிறந்தது என்றும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார்.

நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பின் தாள் உதவாது. அந்நிலையில் 2008-இல் தோன்றிய பால்சமிக், இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்கலிட்ரா போன்றவற்றைக் கொள்ளலாம். இவற்றில் வரையும் கோடுகள் கையால் வரைந்தனபோலச் சற்றே கோணலாக இருக்கும். இது குறையன்று, கருதியே அமைத்த பண்பு. என்னை? மெருகேறிய படத்தைக் காண்போர் வேலை முடிந்துவிட்டதென எண்ணி, அடிப்படைக் குறையைக் கூறத் தயங்குவர். அல்லது நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவர். கரடுமுரடான படமோ, இன்னும் மாற்றலாம் என்று காண்போர்க்குத் தானே உணர்த்தும்.

மூன்றாம் வினாவுக்கே நுட்பமான கருவி வேண்டும். 2016-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஃபிக்மா இணைய உலாவியிலேயே இயங்குவது. பலர் ஒரே வரைவில் ஒரே நேரத்தில் பணிபுரிய இடந்தருவது. 2010-இல் வெளிவந்த ஸ்கெட்ச் சிறந்ததாயினும், அதில் வரைதற்கு மாக் கணினி வேண்டும். விண்டோஸ் கணினிகளே நிறைந்த ஆய்வுக்கூடத்துக்கு அது பயன்படாது. தட்டச்சு, விசைப்பலகை நகர்வு, மெதுவான இணைய இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டின், படத்தை விட்டு நிரலால் ஒரு சிறு மாதிரியைச் செய்தலே தக்கது.

இனி, கருவிகளின் ஆயுளையும் எண்ணுதல் வேண்டும். ஃபயர்வொர்க்ஸ் என்னும் கருவியை வளர்ப்பதை அடோபி நிறுவனம் 2013-இல் நிறுத்தியது. அதே நிறுவனத்தின் எக்ஸ்.டி. 2023-இல் தனிக் கருவியாக விற்கப்படுவது நின்றது. ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த இன்விஷன் தன் வடிவமைப்புச் சேவைகளை 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மூடிவிட்டது. கருவி மறையும்போது, அதனுள் மட்டுமே இருந்த வரைவுகளும் அவற்றின்மேல் எழுதிய குறிப்புக்களும் உடன் மறையும். ஆதலின் வரைவைப் பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி. முதலிய பொது வடிவங்களில் வெளியே எடுக்க இயலுமா என்பதை முதல் நாளிலேயே சோதித்துக் கொள்க. பென்பாட் என்னும் திறமூலக் கருவியைக் கல்லூரியின் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழில் செயலி செய்ய விழைவோர் மற்றொன்றையும் கருத்தில் இருத்துதல் வேண்டும். வரைவின் வெற்றிடங்களைப் பொருளற்ற இலத்தீன் சொற்களால் நிரப்புவது வடிவமைப்போரிடையே வழக்கம். அவ்வாறு அமைத்த பெட்டியில் பின்னர்த் தமிழை இடுவோமாயின், 'சப்மிட்' என்றிருந்த இடத்தில் 'சமர்ப்பிக்க' என்பது அடங்காது பொத்தானுக்கு வெளியே நீளும். இகர ஈகாரக் குறிகள் எழுத்தின் மேலும், உகர ஊகாரக் குறிகள் பெரும்பாலும் கீழும் செல்லுதலின், வரிகளுக்கிடையே இடைவெளியும் மிகுதியாக வேண்டும். ஆகையால் முதல் தாளிலிருந்தே உண்மையான தமிழ்ச் சொற்களை எழுதிப் பார்த்தல் நலம். கருவியைத் தேரும்போதும் அது தமிழ் எழுத்தைச் சிதையாமல் காட்டுகின்றதா என்று ஒரு பத்தியை இட்டு அறிதல் நலம்.

இவற்றையெல்லாம் படித்து அமைவதினும் ஒருமுறை செய்து பார்த்தல் மேலானது. மாணவ நண்பர்காள்! நம் நூலகத்தில் நூல் இரவல் பெறும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைத் தேடுதல், கிடைக்குமிடம் அறிதல், பதிவு செய்தல், திருப்பித் தரும் நாளைக் காணுதல் ஆகிய நான்கையும் நான்கு தாளில் வரையுங்கள். இவ்வாண்டு சேர்ந்த மாணவர் ஒருவர், நூலக உதவியாளர் ஒருவர், கண்பார்வை குன்றிய முதியவர் ஒருவர், கைப்பேசியை அதிகம் பழகாதவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர் என ஐவர் முன் அத்தாள்களை வையுங்கள். அவர்கள் தயங்கிய இடங்களைக் குறித்துத் திருத்திய பின்னர்க் கணினியின் முன் அமருங்கள். எக்கருவி வேண்டும் என்பது அப்பொழுது உங்களுக்கே புலப்படும்.