சாத்தும் சுமையும்

நெய்யாறு அணையை அடுத்த கள்ளிக்காடு மலையடிவாரத்து ஊர். அப்பகுதிச் சாலைகளில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மிகுதி. சமதளத்தில் மறைந்திருக்கும் சுமைப்பிழை இத்தகைய சாலையில் உடனே வெளிப்படும். ஒரு வண்டி மற்றொரு வண்டியை இழுத்துச் செல்லுமாயின் அப்பிழை உயிருக்கே ஆபத்தாகும்.

சுமையேற்றிய வண்டிகள் கூட்டமாகச் செல்வதைத் தமிழர் பண்டு ‘சாத்து’ என்றனர். கடற்கரையில் விளைந்த உப்பை உமணர்கள் மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றினர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிவைத்தனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் இச்செய்தியைக் குறித்துள்ளார்.

மாட்டுவண்டி இரண்டே சக்கரங்களின்மேல் நிற்பது. ஆகவே அது தராசு போன்றது. சுமை முன்னே மிகுந்தால் அது முன்பாரம். நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், கழுத்துப் புண்ணாகும். சுமை பின்னே மிகுந்தால் அது பின்பாரம். அப்போது நுகத்தடி மேலெழும்பும். கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டில் பின்பாரமே கொடியது. தேர்ந்த வண்டிக்காரர் கனமான மூட்டைகளை அச்சின்மேல் அடுக்கி, நுகத்தில் சிறிதளவு பாரம் மட்டும் தங்குமாறு செய்வார். ஏற்றத்தில் சுமை தானே பின்னே சாயுமாதலால், அவர் முன்னே நகர்ந்து அமர்வதும் உண்டு.

கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் கேரவன் என்றால் பெரும்பாலும் தானே ஓடும் வண்டிதான். பிரித்தானியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மகிழுந்தின் பின்னே பூட்டி இழுக்கும் கேரவன்கள் மிகுதி. அங்கும் மாட்டுவண்டியின் கணக்கே செல்லும். கேரவனின் முனை மகிழுந்தின் கொக்கியை அழுத்தும் எடைக்கு ‘முனைப் பாரம்’ எனலாம். பிரித்தானிய வழக்கப்படி அது, சுமையேற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்கவேண்டும். 1,200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. மேலும், புதிதாக இழுப்பவர் தம் மகிழுந்தின் எடையில் 85 விழுக்காட்டிற்கு மிகாத கேரவனையே பூட்டவேண்டும் என்பது அந்நாட்டு அறிவுரை. எருதைவிட வண்டி வலிமை பெற்றால் எருது எங்ஙனம் அதனை அடக்கும்?

முனைப் பாரம் குறைந்தால் கேரவன் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். அவ்வேளையில் ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்துவதும் திசைமாற்றியை வெட்டித் திருப்புவதும் தவறு. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடவேண்டும். இறக்கத்தில் கேரவன் மகிழுந்தைப் பின்னிருந்து தள்ளும். ஆதலால் இறங்கத் தொடங்கும் முன்னரே கீழ்ப்பல்லிணைக்கு மாறுதல் நன்று. கொக்கி கழன்றால் தாங்குவதற்காகப் பாதுகாப்புச் சங்கிலி ஒன்றும் பூட்டுவர். உமணரின் சேம அச்சுக்கு அதனை உறவு எனலாம்.

இந்தியாவில் அளவுக்கு மீறிச் சுமையேற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு.

சொற்பொருள்: சாத்து – வணிகர் கூட்டம், உமணர் – உப்பு வணிகர், சேமம் – பாதுகாப்பு, தண்டம் – அபராதம்.

பயிற்சி
1. மகிழுந்தின் எடை 1,400 கிலோ. 1,250 கிலோ கேரவனைப் புதிய ஓட்டுநர் ஒருவர் அதில் பூட்டலாமா? கணக்கிட்டு எழுதுக.
2. முன்பாரம், பின்பாரம் – வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மாட்டுவண்டியின் உறுப்புகளுள் ஐந்தின் பெயர்களை எழுதுக.