எம்டன் கப்பலின் படம்

"அவன் சரியான எம்டன்!" என்று சிலரைச் சொல்கிறோம். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்தின் அருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன.

அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டுமா? செல்போனில் 'எம்டன் 1914' என்று எழுதித் தேடுங்கள். ஆண்டை விட்டுவிடாதீர்கள். 1925இல் அதே பெயரில் வேறொரு கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அதன் படமும் கலந்து வரும்.

எது நம் எம்டன்? புகைபோக்கிகளை எண்ணுங்கள். பழைய எம்டனுக்கு மூன்று. பிந்தியதற்கு இரண்டு. பழைய கப்பலில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியும் வைத்து எதிரியை ஏமாற்றினார்கள். சரியான எம்டன்தான்!

1914 நவம்பர் 9 அன்று 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதைச் சுட்டுத் தகர்த்தது. உடைந்து கிடக்கும் எம்டனின் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் உள்ளன.