பேட்டையில் தொழில் பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பேட்டை ஐ.டி.ஐ.யில் படிப்பை முடித்துச் சேரன்மகாதேவிச் சாலைப் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்திருப்பதாகவும், காருக்கு அகலமான அலாய் வீல் கேட்டு வரும் வாலிபர்களுக்கு ஸ்பேசரும் அடாப்டரும் மாட்டிக் கொடுப்பது தகுமா என்றும் நீ எழுதிய கடிதம் கண்டேன். கைக்கு வந்ததை மாட்டி அனுப்பிவிடாமல், மாட்டுமுன் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே இந்தத் தொழிலில் நீ நிலைப்பாய் என்பதற்குச் சாட்சி.

முதலில் ஒரு சூட்சுமத்தை மனத்தில் பதித்துக்கொள். சக்கரம் ஸ்டட்டுகளின் மேல் தொங்கி நிற்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், முறுக்கிய நட்டுகள் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு இறுக அழுத்த, அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. இடையில் ஒரு ஸ்பேசர் தகட்டை நுழைத்தால், அதன் கனத்தளவு மரை நட்டுக்குக் கிடைக்காமல் போகிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு 12 மில்லிமீட்டர் ஆழமாவது ஏறாவிடில் அந்தச் சக்கரத்தை நம்பாதே. சக்கரம் வெளியே தள்ளிப்போகுந்தோறும், நெம்புகோல் நியாயப்படி, பேரிங்கின் மேல் பளுவும் கூடிக்கொண்டே போகும்.

அடாப்டரின் பிரயோகம் வேறு. அது தனி நட்டுகளால் ஹப்பில் அமர்ந்து, தன் ஸ்டட்டுகளில் வேறு அளவுச் சக்கரத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே மறைந்து கிடக்கும் உள்நட்டுகளுக்கும் நீயே பொறுப்பாளி. அளவு ஒத்துவிட்டது என்ற மயக்கமும் கூடாது: ஸ்விஃப்டுக்கும் ஐ10-க்கும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு ஸ்டட்டுகளே என்றாலும், முன்னதன் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், பின்னதன் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஒன்றன் நட்டை மற்றதில் ஏற்றினால் ஓரிரு சுற்றில் பிடித்துக்கொள்ளும். அது இறுக்கமன்று, மரையின் நாசம். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் இடைவெளியின்றி உட்காராவிட்டால், வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஆதலால் ஹப்பின் துருவைச் சுரண்டித் துடை. நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சு கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்ப வரவழைத்துச் சோதி. சட்டத்தையும் மறவாதே: பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேரை வடம் பிடிக்கும் ஜனத்திரளின் கண்கள் அலங்காரத்தில் லயித்திருக்க, தேர் நிலைக்கு வந்து சேர்வது யாரும் பாராத அச்சினாலும் ஆணியினாலுமே. நீ மாட்டும் சக்கரத்தை நம்பித்தான் சாரல் காலத்தில் ஒருவர் பிள்ளைகுட்டிகளோடு குற்றாலம் புறப்படுகிறார். அந்த வண்டிக்கென்றே அளவெடுத்த சக்கரத்தை வாங்கும்படி எப்போதும் முதலில் சொல். அளவு சேராதபோது கூலியை விட்டுக்கொடுத்தேனும், "இது வேண்டாம், ஐயா" என்று சொல்லப் பழகு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்த தொழிலாளி