காணாமல் போன கோப்பு: எந்த வழியில் தேடுவது?

நேற்று தட்டச்சு செய்த விண்ணப்பத்தை இன்று காணோம் என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது அழிந்திருக்காது. வேறு ஃபோல்டரிலோ வேறு பெயரிலோ இருக்கும். விண்டோஸ் கணினியில் தேடும் வழிகள் பல. அந்தக் கோப்பைப் பற்றி உங்களுக்கு என்ன நினைவிருக்கிறதோ, அதை வைத்தே வழியைத் தேர்ந்தெடுங்கள்.

அண்மையில் திறந்ததா?
வேர்டில் ஃபைல், ஓப்பன், ரீசன்ட் என்று போங்கள். வழக்கமாகக் கடைசி 50 கோப்புகள் வரை அங்கே இருக்கும். பெயருக்குக் கீழேயே ஃபோல்டரும் தெரியும். ஈமெயிலிலிருந்து நேரடியாகத் திறந்த கோப்புக்கும் இதுவே நல்ல வழி. ஆனால் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால் இங்கிருந்து திறக்காது.

பெயர் நினைவிருக்கிறதா?
ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டி போதும். முழுக் கணினியிலும் தேடினால் நேரமெடுக்கும். நிறையக் கோப்புகளோடு புழங்குபவர்கள் ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். வட்டின் கோப்புப் பட்டியலையே அது படித்து வைத்துக்கொள்வதால், பெயரில் பாதியை அடிக்கும்போதே விடை வந்துவிடும்.

உள்ளே இருக்கும் வாசகம் மட்டும்தான் நினைவிருக்கிறதா?
இதற்கு விண்டோஸ் தேடலே ஏற்றது. ஆனால் அது இயல்பாக டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களைத்தான் அட்டவணைப்படுத்தி வைத்திருக்கும். டி டிரைவில் சேமிப்பவர்கள் செட்டிங்ஸில் தேடல் தொடர்பான பகுதியில் ‘என்ஹான்ஸ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; முழுக் கணினியும் அட்டவணைக்குள் வரும்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடில் ‘அம்மா’ என்று தேடினால் அகப்படாது. பாமினியில் அந்தச் சொல்லுக்கு அழுத்தும் அதே விசைகளை ஆங்கில விசைப்பலகையில் அழுத்தித் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம் என்றால், பெயரையோ தேதியையோ வைத்துத்தான் தேட வேண்டும்.

சேமிக்காமல் மூடிவிட்டீர்களா?
வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தற்காலிகப் பிரதி எடுக்கிறது. ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் வழியே ‘ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். கிடைத்ததும் முதல் வேலையாக ‘சேவ் ஆஸ்’ கொடுங்கள். அந்தப் பிரதிகள் நிரந்தரமாக இருக்காது.

அழித்துவிட்டீர்களா?
ரீசைக்கிள் பின்னில் பாருங்கள். பென் டிரைவில் அழித்தது பெரும்பாலும் அங்கே வராது. கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் அழித்தவை 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். எதிலும் இல்லையென்றால் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளையும் வேறு வட்டில்தான் நிறுவ வேண்டும். எஸ்எஸ்டி என்றால் மீளும் வாய்ப்பு குறைவு.

எது நினைவிருக்கிறது என்பதே தெளிவாக இல்லையா? ரீசன்ட், பெயர்த் தேடல், வாசகத் தேடல், ரீசைக்கிள் பின் என்ற வரிசையில் போங்கள். இனிமேலாவது ‘டாக்குமென்ட்1’ என்று விட்டுவிடாமல், பொருளும் தேதியும் சேர்த்துப் பெயர் வையுங்கள். நல்ல பெயருள்ள கோப்பைத் தேட முதல் இரண்டு வழிகளே போதும்.