அயலார் திருநாளும் இசுலாமும்

ஓணத்தன்று அயல்வீட்டார் அனுப்பும் பாயசத்தை முஸ்லிம் ஒருவர் உண்ணலாமா? வினா சிறியது, ஆயினும் அறிஞர் பலர் நூற்றாண்டுகளாக ஆராய்ந்த பொருள் இதனுள் அடங்கியுள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. எங்கள் கள்ளிக்காடு உள்ளிட்ட நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தது, ஓணம் பிரியவில்லை. இன்றும் அது இருபுறத்தும் கொண்டாடப்படுகிறது. எங்கள் வீட்டில் அன்று பக்கத்து வீட்டுத் தூக்குவாளி வரும். பெருநாளன்று அதே வாளி நெய்ச்சோற்றோடு திரும்பும். அண்மையில் உறவினர் ஒருவர் இதனைப் பாவம் என்றார். அவ்வாண்டு வாளியை வாங்க என் உம்மாவின் கை தயங்கிற்று. ஐம்பதாண்டு உறவு அந்தத் தயக்கத்தில் ஊசலாடியதை நான் கண்டேன்.

உறவினர் கூற்று ஆதாரமற்றதன்று. மதீனாவில் மக்கள் கொண்டாடிய இரு நாள்களுக்கு ஈடாக இரு பெருநாள்களை இறைவன் அளித்தான் என்று நபிமொழி உண்டு. பிற கூட்டத்தாரைப் போலவே ஒழுகுதலை எச்சரிக்கும் நபிமொழியும் உண்டு. இவற்றைக் கொண்டே 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா, பிறர் திருநாளில் பங்கேற்றலைக் கடுமையாக மறுத்துத் தனி நூல் யாத்தார். அவர் மாணாக்கர் இப்னுல் கையிம் வாழ்த்துச் சொல்லுதலையும் தடுத்தார்.

ஆனால் ஒன்று நோக்குக. அதே நூலில் இப்னு தைமிய்யா, பிறர் திருநாளில் அவர் தரும் அன்பளிப்பை ஏற்கலாம் என்கிறார். அலீ அவர்கள் நவ்ரூஸ் நாளில் வந்த பரிசை ஏற்றதையும், அந்நாளுக்கென அறுத்த இறைச்சியை விலக்கிக் கனிகளை உண்ணுமாறு ஆயிஷா அவர்கள் கூறியதையும் சான்று காட்டுகிறார். கடுமைக்குப் பெயர்பெற்றவரே வழிபாட்டையும் அண்டை உறவையும் வேறுபடுத்தினார் என்பது கருதத்தக்கது.

மற்றொரு சாரார் குர்ஆனின் 60ஆம் அத்தியாயம் 8ஆம் வசனத்தைக் காட்டுவர். மார்க்கத்தின் பொருட்டுப் போர் தொடுக்காதவரிடம் நன்மையும் நீதியும் பேணுதலை அது தடுக்கவில்லை. 1997இல் தோன்றிய ஐரோப்பிய ஃபத்வா ஆராய்ச்சி மன்றம் இதன்வழியே அயலாரை வாழ்த்துதலை அனுமதித்தது.

இனி ஓணத்தை எடுத்துக்கொள்வோம். திருக்காக்கரையப்பனை வணங்குதல் வழிபாடு. அதில் முஸ்லிம் சேர்தல் ஆகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுவர். தெய்வத்திற்குப் படைத்த பண்டத்தையும் பலர் விலக்குவர். பூக்களம், ஊஞ்சல், வள்ளங்களி ஆகியவை பற்றியே கருத்து வேறுபடும்: சிலர் அவற்றை நாட்டு வழக்கு என்பர், சிலர் திருநாளின் உறுப்பு என்பர். படையலில் வைக்காத பாயசமோ அன்பளிப்பு. எங்கள் பக்கத்து ஓணச் சத்யையில் இறைச்சியும் இல்லை.

திருவனந்தபுரம் பாளையத்தில் பள்ளிவாசல், மாதாகோயில், பிள்ளையார் கோயில் மூன்றும் அருகருகே நிற்கின்றன. ஒன்றன் சுவரை மற்றொன்று இடிக்கவில்லை. ஒன்றன் வாயிலை மற்றொன்று அடைக்கவுமில்லை.

எனவே நண்பர்களே, தொழுகையில் தெளிவும் உறவில் கனிவும் வேண்டும் என்பதே நான் கண்ட முடிவு. பேணுதல் கருதி விலகுவோரை இகழ வேண்டா. வாளியை வாங்குவோரைப் பாவி என்று தூற்றவும் வேண்டா.